உஷார்! ஃபார்வர்ட் செய்யுமுன் கம்போங் மேடானை நினையுங்கள்

கோயில், சூராவ், பசு, காவடி, சிலுவை, கொடி. இவற்றில் ஒன்றைத் தொட்டு உங்கள் கைப்பேசிக்கு ஒரு காணொளியோ குரல்பதிவோ வந்தால், தயவுசெய்து அதை அங்கேயே நிறுத்துங்கள். யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். அந்தக் குரல்பதிவு எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மூச்சு வாங்கும் ஒரு குரல்: "அண்ணே, நம்ம பசங்களை அடிக்கிறாங்களாம், உடனே எல்லா குரூப்புக்கும் போடுங்க." யார் பேசுகிறார், எந்தத் தாமான், என்றைக்கு நடந்தது, ஒன்றும் இருக்காது. "அடிக்கிறாங்களாம்" என்பதில் உள்ள 'ஆம்' மட்டும் இருக்கும். கூடவே மூன்று தலைமுறைக் கோபமும் இருக்கும்.

2001 மார்ச்சில் வாட்ஸ்அப் கிடையாது, ஃபேஸ்புக் கிடையாது. இருந்தும் கம்போங் மேடானில் ஆறு பேர் செத்தார்கள்.

மலேசியாவில் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானும் அதைச் சுற்றியுள்ள கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கான், கம்போங் டத்தோ ஹாருண் ஆகியவையும் அன்று ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடங்கள். தோட்டம் கைமாறியதும் வெளியேற்றப்பட்ட தமிழர், ஊரிலிருந்து பிழைக்க வந்த மலாய்க்காரர், இந்தோனேசியர் என்று எல்லாருக்கும் ஒரே குறுகலான சந்து, ஒரே சாக்கடை, ஒரே பற்றாக்குறை. ஒரு வீட்டில் கல்யாணப் பந்தல், பக்கத்தில் ஒரு சாவு வீடு. மார்ச் 4ஆம் தேதி அங்கே மூண்ட தகராறுதான் தொடக்கம். பிறகு ஒரு வண்டியின் கண்ணாடி உடைந்தது. வேறு எந்த ஊரிலும் சண்டை போட்டு, சமாதானம் பேசி, மறந்து போகும் காரியங்கள் இவை. நடுவில் வதந்தி புகுந்தது. அவர்கள் கூட்டம் சேர்க்கிறார்கள் என்று இவர்களுக்குச் செய்தி, இவர்கள் சேர்க்கிறார்கள் என்று அவர்களுக்குச் செய்தி. மார்ச் 8 வாக்கில் பாராங்கத்தியும் இரும்புக்குழாயும் தெருவில் இறங்கிவிட்டன. வேலை முடிந்து வீடு திரும்பியவர்களும் வெட்டுப்பட்டார்கள். இறந்த ஆறு பேரில் ஐவர் இந்தியர், ஒருவர் இந்தோனேசியர். காயப்பட்டவர்கள் பல பத்துப் பேர்.

இதைப் படிக்கும் இளையவர்களில் பலருக்கு இந்த விவரம் புதிதாக இருக்கும். அதற்கும் ஒரு காரணம் உண்டு, அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலவரத்துக்குப் பிறகு பொது விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள். நடக்கவில்லை. மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் நடத்தவில்லை. அரசு பேசாத இடத்தில் ஒருவர் பேசினார். சுவாராம் என்ற மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த கா. ஆறுமுகம் அந்தச் சம்பவங்களைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'மார்ச் 8'. 2006 இறுதியில் வெளிவந்தது, 2007இல் தடை செய்யப்பட்டது. பொது ஒழுங்குக்குக் கேடு என்பது காரணம். 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அந்தப் புத்தகத்தைத் தக்க காரணமில்லாமல் வீட்டில் வைத்திருந்தாலே 5,000 ரிங்கிட் வரை அபராதம். அச்சிட்டாலோ விற்றாலோ 3 ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம். ஆறுமுகம் நீதிமன்றம் போனார். வழக்கு அவருக்குச் சாதகமாக முடியவில்லை.

என் கோபம் இங்கேதான். வதந்திக்கு மருந்து உண்மை. என்ன நடந்தது, யார் எங்கே நின்றார்கள், போலீஸ் எப்போது வந்தது என்று எழுதி வைத்தால்தான் அடுத்த வதந்தியை ஊர் நம்பாது. அந்த எழுத்தையே "இனங்களுக்கிடையே பகை மூட்டும்" என்று பூட்டி வைத்தால், மிச்சம் இருப்பது வாய்வழிக் கதை மட்டும். மலாய்க்காரர் வீட்டில் ஒரு கம்போங் மேடான், இந்தியர் வீட்டில் இன்னொரு கம்போங் மேடான், இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

அதே வட்டாரத்தில் 14 ஆண்டு கழித்து நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2015 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை, தாமான் மேடானில் ஒரு கடைவீட்டில் இயங்கிய தேவாலயத்தின் முன் சுமார் 50 பேர் திரண்டார்கள். சுவரில் இருக்கும் சிலுவையை இறக்கு என்றார்கள். வழிபட வந்தவர்கள் உள்ளே இருக்கும்போதே இது நடந்தது. சிலுவை இறக்கப்பட்டது. தேச நிந்தனைச் சட்டம் பாயுமா என்று கேட்டபோது, அது சமயத்துக்கு எதிரான போராட்டம் அல்ல, சிலுவை வைத்த இடத்தைப் பற்றியதுதான் என்று அன்றைய தேசிய போலீஸ் படைத் தலைவர் பதில் சொன்னார். பிறகு நாடு முழுதும் கண்டனம் எழுந்தது வேறு கதை. செத்தவர்களைப் பற்றிய புத்தகம் பொது ஒழுங்குக்குக் கேடு, வழிபடுபவர்கள் முன்னால் கூடி மிரட்டியது இடத்தகராறு. சட்டத்தின் வாசகம் அகலமாக இருந்தால், அது யார் மேல் விழும் என்பதை அதிகாரத்தில் இருப்பவரின் அன்றைய மனசுதான் முடிவு செய்யும்.

அதனால்தான் நம்மவர்களை எச்சரிக்கிறேன். 2009இல் ஷா ஆலமில் கோயில் இடமாற்றத்தை எதிர்த்து வெட்டிய மாட்டுத்தலையோடு ஊர்வலம் போனார்கள். 2025 மார்ச்சில் வானொலி அறிவிப்பாளர்கள் காவடி ஆட்டத்தைக் கேலி செய்த காணொளி பரவியது. ஒவ்வொரு முறையும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஒரே குரல்: "தேச நிந்தனைச் சட்டத்தில் உள்ளே போடு, இன்னும் கடுமையாகச் சட்டம் கொண்டு வா." வலி நியாயம். முருகனின் வேலைக் கேலி செய்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் நாம் கேட்கும் அந்த ஆயுதம் 1948இல் வெள்ளைக்காரன் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தது. அது வேலைக் கேலி செய்தவனையும் பிடிக்கும், கோயில் நிலத்துக்காகக் குரல் கொடுத்தவரையும் பிடிக்கும். குடிநுழைவுத் தடுப்பு முகாமில் அகதிகள் படும் பாட்டை ஃபேஸ்புக்கில் எழுதியதற்காகச் சமூக ஆர்வலர் ஹெய்டி குவா 2021இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் மேல் பாய்ந்தது அதைப் போலவே அகலமான தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு. "புண்படுத்தும்" பேச்சு என்பது குற்றச்சாட்டு.

இலங்கையில் தமிழில் எழுதிய ஒருவருக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. மன்னாரைச் சேர்ந்த ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீம் 'நவரசம்' என்று ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார். அதில் தீவிரவாதம் இருக்கிறது என்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதைக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறை.

அதற்காக எதையும் பேசலாம் என்று சொல்பவன் அல்ல நான். கம்போங் மேடானைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீஃபீல்ட் கோயில் கலவரத்தின்போது கடமைக்கு வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் தாக்குண்டு, டிசம்பரில் இறந்துபோனார். அவர் சாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் எத்தனை விஷம் கொட்டப்பட்டது! அவர் வீட்டாரின் துக்கத்தை அவரவர் வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள். பேச்சு கொல்லும். அதனால் கோடு வேண்டும். எங்கே போடுவது?

நம் அரசியலமைப்பின் 10ஆம் விதி ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமை தருகிறது. பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல் போன்ற காரணங்களுக்காக நாடாளுமன்றம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்று அதே விதி கதவையும் திறந்து வைக்கிறது. ஐ.நா. நிபுணர்கள் 2012இல் மொராக்கோவின் ரபாட் நகரில் கூடி ஆறு கேள்வி வகுத்தார்கள்: சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, என்ன சொன்னார், எவ்வளவு தூரம் பரவியது, தீங்கு நடக்கும் வாய்ப்பு எவ்வளவு. இந்த ஆறையும் வைத்துப் பார்த்தால் ஆறுமுகத்தின் புத்தகம் தப்பும். "நாளைக்கு ராத்திரி எல்லாரும் பாராங்கோடு வாங்க" என்ற குரல்பதிவு மாட்டும். நம் குற்றவியல் சட்டத்திலும் 505(சி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு சமூகத்தாரை இன்னொரு சமூகத்தாருக்கு எதிராகக் குற்றம் செய்யத் தூண்டுவதற்கு 2 ஆண்டு வரை சிறை. மனம் புண்பட்டதா என்று அது கேட்பதில்லை, தூண்டினாயா என்று கேட்கிறது. எனக்கு இந்தக் கோடு போதும்.

இப்போது உங்கள் கைப்பேசிக்கு வருவோம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, 233ஆம் பிரிவில் அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்துவிட்டது, சிறை 2 ஆண்டு வரை. "நான் எழுதவில்லை, வந்ததைத்தான் அனுப்பினேன்" என்று தப்பிக்க முடியாது. "போனை என் மகன் வைத்திருந்தான்" என்றாலும், அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு 2012 முதல் அப்படித்தான் சொல்கிறது: கணக்கு யார் பெயரிலோ, வெளியிட்டவர் அவரே என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இளையர் மன்றம், கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் குழு என்று வாட்ஸ்அப் குழு நடத்தும் அண்ணன்மார், அக்காமார் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

சந்தேகமான செய்தி வந்தால் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி. நடத்தும் 'செபெனார்ஞா' இணையதளத்தில் தேடுங்கள். அது ஒரு சமூகத்தாரை வெட்டச் சொல்லும் பதிவாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியும் நேரமும் இணைப்பும் குறித்து, பக்கத்துப் போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் கொடுங்கள். "நிந்தனை" என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள், 505(சி) என்று எழுதிக் கேளுங்கள். நம் பையன் எழுதியதாக இருந்தாலும் அதையே செய்யுங்கள், முதலில் அந்தப் பதிவை நீக்கும்படி அவனிடம் சொல்லுங்கள். யாராவது ஒரு புத்தகத்தையோ படத்தையோ தடை செய்யச் சொல்லி மனுவை நீட்டினால், அது நமக்குப் பிடிக்காத புத்தகமே ஆனாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.