கைப்பிடி நேரானால் கை நோகாது

"பைப்பைப் பூட்ட ஏலாமல் கிடக்கு, பிள்ளை." யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போகும்போது வயோதிபத் தாய்மாரிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்களுக்கு உருண்டைப் பிடியைவிட நீளமான கைப்பிடியுள்ள பைப் நல்லது. இறுக்கிப் பிடித்துத் திருகத் தேவையில்லை. மணிக்கட்டால் தள்ளினாலே போதும்.

ஆனால், கைப்பிடி கோணலாக நின்றால் சுவரில் இடிக்கும். உள்ளேயுள்ள வால்வு முழுவதும் மூடுவதற்கு முன்பே கைப்பிடி நின்றுவிடும், தண்ணீர் சொட்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லீற்றர் வீணாகும். நாமோ வோஷர் பழுது என்று எண்ணி இன்னும் இறுக்குகிறோம்.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில், இந்தச் சிறு வேலைக்காகப் பலநாள் ஆள் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தால் நாமே செய்யலாம், சகோதரிகளே.

முதலில் பேசினுக்குக் கீழுள்ள வால்வை மூடுங்கள். பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, மீண்டும் பூட்டுங்கள். ஸ்குரூ விழாதிருக்க பேசினின் துவாரத்தைத் துணியால் அடையுங்கள். கைப்பிடியின் மேல்மூடியை நெம்பி எடுத்து, ஸ்குரூவைக் கழற்றி, கைப்பிடியை நேராக மேலே இழுங்கள். சில பைப்களில் ஸ்குரூ பக்கவாட்டில் இருக்கும். அதற்கு 'எல்' வடிவச் சாவி வேண்டும். சுண்ணாம்பு நிலமான நமது குடாநாட்டின் கிணற்று நீரால் வெள்ளைப் படிவு இறுகியிருந்தால், வினாகிரியில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றி வையுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம்.

கைப்பிடி ஏறும் தண்டைச் சுற்றிச் சிறு பற்கள் இருக்கும். 20 பற்கள் என்றால், ஒரு பல் தள்ளிப் போட்டால் கைப்பிடி 18 பாகை திரும்பும். வால்வு முழுவதும் மூடிய நிலையில் இருக்கும்போதே, வேண்டிய திசையில் கைப்பிடியைப் போடுங்கள். கால் சுற்றில் திறக்கும் பைப் என்றால் கைப்பிடி 90 பாகை தடையின்றிப் போய்வர வேண்டும். இரண்டு கைப்பிடிகள் இருந்தால் இடம், வலம் என அடையாளமிடுங்கள். அவை எதிரெதிர்த் திசையில் திரும்புவதும் உண்டு.

ஸ்குரூவை இறுக்குமுன் அம்மாவை அழைத்து, அவரது கையாலேயே திறந்து பூட்டச் சொல்லுங்கள். கைப்பிடி எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தக் கைதான் சொல்ல வேண்டும்.