கேள்வி எந்தத் தெருவில் நிற்கிறது?

அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு என்று இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். எண் அரசுக்கு, கதை நமக்கு. தமிழ் எம்.ஏ. படித்த நம்மில் பலருக்கு (என்னையும் சேர்த்துத்தான்) அட்டவணையைக் கண்டாலே பக்கத்தைப் புரட்டுகிற பழக்கம். எண்களில் அதிகாரம் இருக்கிறது என்கிறோம். சரி, அது எந்த இடத்தில் நுழைகிறது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 1961இல், பருவகால வேலையில் பருவத்தின் பெரும்பகுதி நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்துக்குமேல் உழைத்தவர் 'உழைப்பாளி'. 1971இல் கேள்வி மாறியது: 'முதன்மையான செயல்பாடு எது?' வயலுக்குப் போய்வந்து சோறாக்குகிற பெண்ணுக்கு அது 'வீட்டு வேலை' என்று பதிவாகிவிடும். இந்தியாவில் உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பத்தாண்டில் பாதிப் பெண்கள் களத்தைவிட்டு எழுந்து போய்விடவில்லை. சரிவில் பெரும்பங்கு கேள்வி மாறியதால் வந்தது. கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. எண்ணத் தொடங்குவதற்கு முன்பே, யாரை எண்ணுவது என்கிற வரையறையில் அதிகாரம் வேலையை முடித்துவிட்டது.

அப்படியானால் ஊரில் தங்கி, பேசிப் பழகி எழுதுவதுதான் உண்மையா? ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றில் தங்கி ஆய்வு செய்தார். 'ஸ்ரீபுரம்' என்று பெயர் மாற்றி 1965இல் நூலாக வந்தது. அவர் தங்கியது அக்ரகாரத்தில். ஊரார் அவரைப் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்தார்கள். சேரிக்குள் அவரால் தாராளமாகப் புழங்க முடியவில்லை. இதை அவரே எழுதியிருப்பது அந்த நூலின் நேர்மை. எத்தனை மாதம் தங்கினாலும், படுக்கிற திண்ணை எந்தத் தெருவில் என்பதும் ஒரு 'வரையறை'தான் என்று இதிலிருந்து நான் வாசிக்கிறேன்.

இது நமக்கு வெறும் கல்விப்புலச் சமாச்சாரம் அல்ல. உண்மையறியும் குழு என்று இரண்டு நாள் போகிறோம், அறிக்கை எழுதுகிறோம். பேசத் தெரிந்த நாலு ஆண்கள் சொன்னது 'மக்கள் கருத்து' ஆகிவிடுகிறது. நாற்பது வீட்டில் எத்தனை வீட்டுக்குப் போனோம் என்று எழுதாத அறிக்கையை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் ஊதிவிடுவார். மாதிரி எடுப்பது என்பதன் பொருளே இதுதான்: முதலில் எல்லா வீட்டுக்கும் பட்டியல், பிறகு நம் விருப்பத்துக்கு இடமில்லாமல் குலுக்கல் முறையில் தேர்வு. பட்டியலை ரேஷன் கார்டை வைத்துப் போட்டால் கார்டே இல்லாதவன் ஆய்விலும் இருக்கமாட்டான். ஆகவே பட்டியலைத் தெருத்தெருவாக நடந்து நாமே போடவேண்டும். அப்படி நடக்கும்போதுதான் கதையும் கிடைக்கிறது.

கதை எண்ணுக்குத் திரும்பிப்போவதும் உண்டு. 'வேலைக்குப் போறீங்களா?' என்றால் 'வீட்லதான் சும்மா இருக்கேன்' என்பார் ஒரு பெண். அவரோடு அரைநாள் இருந்து பார்த்தவருக்குக் கேள்வித்தாளை எப்படி மாற்றுவதென்று தெரியும். மாதவாரியாக, வேலைவாரியாகக் கேட்கவேண்டும்: தை மாசம் அறுப்புக்குப் போனீங்களா, களை எடுத்தீங்களா, மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுனது, அதுக்குக் கூலி உண்டா, யார் கையில வாங்குனீங்க?