பாட்டும் பதிவும்

மாசி மாதம் பிறந்தால், அட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்கான ஆயத்தம் தொடங்கிவிடும். காமன் கம்பம் நாட்டிய நாள் முதல் அவன் எரியும் இரவு வரையில் தப்பொலி ஓயாது. கூத்துப் பாட்டின் சொற்கள் சிலரிடம் கையெழுத்துப் பிரதியாக இருக்கலாம். ஆயினும் அதன் மெட்டும், எந்த இடத்தில் தப்பு விரைய வேண்டும் என்ற கணக்கும், கூத்து வாத்தியாரின் நினைவிலேதான் இருக்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் அவற்றுட் பலவற்றின் சொற்கள் பிழைத்தன. சொல்லைத் தாள் காக்கும். குரலை ஒலிப்பதிவே காக்க வேண்டும்.

இக்காலத்தில் அப்பதிவைச் செய்வதற்குப் பெரிய நிலையம் வேண்டியதில்லை. ஒரு மடிக்கணினியும், நல்ல ஒலிவாங்கி இரண்டும், பதிவுக்குரிய மென்பொருளும் இருந்தால் லயன் காம்பராவிலேயே பதிவு செய்துவிடலாம். தகரக் கூரையின்மேல் மழை விழாத வேளையாக மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், முன்னாளில் இல்லாத ஒரு தொல்லை இம்முறையில் உண்டு. வானொலி நிலையத்து நாடாவில் பதிந்த பேச்சை, அதே வேகத்தில் ஓடும் எந்தக் கருவியிலும் கேட்கலாம். கருவியைச் செய்த நிறுவனம் மூடப்பட்டாலும் நாடா ஊமையாகிவிடாது. கணினியின் நிலை வேறு. பதிவு மென்பொருள் தன் வேலையைத் தனக்கே உரிய ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. பூட்டைச் செய்தவனிடமே திறவுகோலும் இருப்பதைப் போன்றது இது.

இது வெறும் அச்சம் அன்று என்பதற்குக் கேக்வாக் என்னும் மென்பொருளின் வரலாறே சான்று. 1987இல் அமெரிக்காவில் தோன்றிய இது, பின்னர் சோனார் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. 2013இல் கிப்சன் என்னும் கிதார் நிறுவனம் இதனை வாங்கியது. 2017 நவம்பரில், இதனை மேலும் வளர்ப்பதில்லை என்று அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. பல்லாண்டுகளாகப் பணம் கொடுத்துப் பயன்படுத்தியவர்கள் திகைத்து நின்றனர். 2018இல் சிங்கப்பூரின் பேண்ட்லாப் நிறுவனம் இதனை வாங்கி, இலவசமாகவே வழங்கியது. பணமில்லாத இளங்கலைஞர்க்கு அது பெரும் வரமாயிற்று. 2023இல் அந்த இலவசப் பதிப்பும் விடைபெறும் என்ற அறிவிப்பு வந்தது. புதிய சோனார் விற்பனைக்கு வந்து, 2025இல் அதன் ஒரு வகை கட்டணமின்றியும் கிடைக்கலாயிற்று. எட்டாண்டுக்குள் இத்தனை மாற்றம்!

இவ்வாறான செய்தி கேட்டவுடன், "அடுத்து எதை வாங்குவது?" என்று பலரும் வினவுவர். அவ்வினா இரண்டாவதாக வர வேண்டியது. பழைய மென்பொருள் இன்னும் திறக்கின்ற நாளிலேயே அதிலுள்ள பதிவுகளை வெளியே எடுத்துவிடுவதுதான் முதல் வேலை. கைவிடப்பட்ட மென்பொருள் மறுநாளே நின்றுவிடாது. எனினும், இணையத்தின் வழியே உரிமையை அவ்வப்போது சரிபார்க்கும் வகையினது ஒருநாள் மறுத்துவிடக்கூடும். கணினி பழுதாகிப் புதியது வாங்கினால், அதில் நிறுவ முடியாமலும் போகலாம்.

வெளியே எடுக்கும் முறை கடினமானதன்று. பாடகர் குரல் ஒரு தடம், தப்பு ஒரு தடம், உடுக்கு ஒரு தடம் எனப் பதிந்திருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனி வேவ் கோப்பாக எழுத வேண்டும். எல்லாத் தடங்களும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே எழுதப்படுதல் இன்றியமையாதது. பாடகர் மூன்றாம் நிமிடத்தில் வாய் திறந்தாலும், அவர் தடம் முதல் நொடியிலிருந்தே மௌனமாகத் தொடங்க வேண்டும். அப்போதுதான் வேறு மென்பொருளில் வைக்கும்போது குரலும் தப்பும் விலகாமல் பொருந்தும். எதிரொலி முதலிய மெருகுகள் சேர்ந்த ஒரு பிரதியும், சேராத ஒரு பிரதியும் எடுத்தல் நன்று. எம்பி3 ஆகச் சுருக்கி வைத்தல் இங்கே கூடாது. இழந்த ஒலி திரும்பாது. நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்ற அளவில் ஒரு தடத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 520 மெகாபைட் ஆகும். இக்காலத்து வட்டுக்கு இது சுமையன்று. மலைநாட்டின் ஈரம் கருவிகளுக்கு ஆகாது. ஆகையால் இரு வட்டுகளில் எழுதி, ஒன்றை வேறு ஊரில் வைப்பதே முறை.

இனி மாற்று மென்பொருள். கேக்வாக் கோப்புகளை மிகுதியாக வைத்திருப்பவர்க்குப் புதிய சோனாரே எளிய வழி. பழைய கோப்புகளை அது திறக்கும். கூத்தை ஓரிரு ஒலிவாங்கிகளில் நேரே பதிபவர்க்கு 2000 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஆடாசிட்டி போதும். பல தடங்களில் பதிபவர் ரீப்பரைப் பார்க்கலாம். 60 நாள் பயன்படுத்திப் பார்த்த பின், தனியாட்களும் சிறு நிறுவனங்களும் 60 டாலர் கட்டி உரிமை பெறலாம். அளவிற் சிறியதாகையால் பழைய கணினியிலும் ஓடும். இன்னொரு சிறப்பு, அதன் வேலைக் கோப்பு வெறும் எழுத்தாக இருப்பது. மென்பொருளே மறைந்தாலும், எந்த ஒலி எந்த நொடியில் நின்றது என்பதைக் கண்ணால் வாசித்து அறியலாம்.

தாள அளவைக் கட்டமிட்டு, அதற்குள் ஒலித்துண்டுகளை அடுக்குவதற்கென்றே அமைந்த மென்பொருள்களும் உண்டு. நடனப் பாட்டுக்கு அவை ஏற்றவை. தப்புக்கோ அவை பகை. தகன இரவில் தப்பின் வேகம் ஏறிக்கொண்டே போகும். அதனைக் கட்டத்துக்குள் இழுத்துத் திருத்தினால் கூத்து செத்துவிடும். எனவே வாங்குமுன், ஆட்டத்தோடு கூடிய அரைமணிப் பதிவொன்றை எடுத்து, வேவாக எழுதி, வேறு கணினியில் வேறு மென்பொருளில் திறந்து பார்த்தல் வேண்டும்.

பழைய கோப்புகளை மாற்றும்போது, அலமாரியில் கைக்கு முதலில் அகப்பட்டதை எடுப்பது இயல்பு. கலியாண வீட்டுப் பாட்டும் கோயில் திருவிழா மேளமும் அடுத்த ஆண்டும் ஒலிக்கும். அவை காத்திருக்கட்டும். முதலில் எடுக்க வேண்டியவை வயது முதிர்ந்த கூத்து வாத்தியாரின் பதிவுகள். அவற்றுள்ளும், சீடர் எவரும் இன்னும் கற்றுக்கொள்ளாத பாட்டுக்கள்.