பீரோ மேலிருந்து இறங்கிய லேப்டாப்

திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் ஒரு வீட்டுக்குள் போய் பீரோவின் மேல் பாருங்கள். பழைய சூட்கேஸ், கொலு பொம்மைப் பெட்டி, அவற்றுக்கு நடுவே தூசி படிந்த ஒரு பை. உள்ளே அரசு கொடுத்த லேப்டாப் இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் லேப்டாப் பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் படிப்பை முடித்து ஓசூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. கேட்டால், “ரொம்ப ஸ்லோ சார், இனிமே எதுக்கும் ஆகாது” என்பார்கள்.

எதற்கெல்லாமோ ஆகும். அப்படிப்பட்ட லேப்டாப்களைத் திறந்து, துடைத்து, லினக்ஸ் ஏற்றி ஓடவைப்பதுதான் என் மாலைநேரப் பொழுதுபோக்கு. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, விசிறியில் அடைந்திருக்கும் தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவேன். ஹார்ட்டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., இன்னொரு ரேம் துண்டு. உள்ளூரில் கிடைக்காத உதிரிப்பாகம் சென்னை ரிச்சி தெருவில் எப்படியும் கிடைத்துவிடும். பிறகு பென்டிரைவைச் செருகி லினக்ஸ் ஏற்ற வேண்டியதுதான்.

அந்த லேப்டாப்கள் ஏன் மெதுவாகின? பிராசஸர் அன்று போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் போடுகிறது. அதன்மேல் ஏற்றிய சுமைதான் கூடிவிட்டது. 2 ஜி.பி. ரேம் நிரம்பியதும் மிச்சத்தை விண்டோஸ் ஹார்ட்டிஸ்க்கில் எழுதிவைக்கிறது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில் ஒரு தகவலைத் தேடிப்பிடிக்க நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் மேல் ஆகும். இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் சேரும்போதுதான் மவுஸ் அம்புக்குறி உறைந்து நிற்கிறது. சுமையைக் குறைத்து, தட்டையும் மாற்றிவிட்டால் அதே பிராசஸர் சுறுசுறுப்பாகிவிடுகிறது. கூடு மாறாமல் உள்ளே இருப்பது மட்டும் மாறி ஒரு பொருள் பிழைத்துக்கொள்வதைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அந்த லேப்டாப்களுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தம் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். ஆனால் வகுப்பறையில் லினக்ஸைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல்போனது. ஆன் செய்ததும் வரும் பட்டியலில் ‘பாஸ்’ என்ற பெயரைப் பார்த்த ஞாபகம் மட்டும் பலருக்கு இருக்கிறது. அவ்வளவு பெரிய வாய்ப்பு அப்படி நழுவியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

4 ஜி.பி. ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுவேன். விண்டோஸில் பழகியவர் அரை மணி நேரத்தில் ஒட்டிக்கொள்வார். 2 ஜி.பி.தான் என்றால் ஆன்டிஎக்ஸ். அதுவும் டெபியன் வழி வந்ததே. திரை வந்து நின்றதும் ரேம் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பார்ப்பேன். 200, 250 எம்.பி. காட்டும். அந்த எண்ணைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை, மண்டை காய்ந்து ஒரு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, அதில் என்ன செய்வது? கார்த்திகை மாதம் வந்தால் நான் முதலில் திறப்பது கேஸ்டார்ஸ். வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருள். அட்சரேகை 12.2, தீர்க்கரேகை 79.1 என்று கொடுத்தால் நம் ஊர் வானம் விரிகிறது. தீபத்தன்று மாலை 6 மணிக்கு நேரத்தை நிறுத்தினால், கிழக்கே எழும் நிலவுக்குப் பக்கத்தில் கார்த்திகை மீன்கூட்டம். பௌர்ணமியும் கார்த்திகை நட்சத்திரமும் எந்த ஆண்டில் ஒரே நாளில் கூடுகின்றன, எந்த ஆண்டில் ஒரு நாள் தள்ளிப்போகின்றன என்று ஆண்டுகளை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம். பஞ்சாங்கத்தில் படித்ததைக் கண்ணால் பார்ப்பது வேறு அனுபவம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயின்ட் போதும். அவர்கள் வந்தால் எனக்கு லேப்டாப் கிடைக்காது.

மற்ற நாட்களில் வாசிப்புதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மின்னாக்கிய நூல்களை இறக்கிவைத்திருக்கிறேன். அருணகிரிநாதர் பிறந்ததாகச் சொல்லும் ஊரில் இருந்துகொண்டு, யாரோ தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த திருப்புகழை, யாரோ தன்னார்வலர்கள் எழுதிய மென்பொருளில் படிக்கிறேன். எழுத தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அமைப்பில் இரண்டு சொடுக்கில் வந்துவிடும்.

பழைய அச்சுப் புத்தகங்களை எழுத்தாக மாற்றுவதில்தான் எனக்கு அதிகப் பைத்தியம். அதற்கு டெசராக்ட். எச்.பி. நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005-இல் திறமூலமாக வெளிவந்து, இன்று தமிழையும் படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் தடுமாறும். அப்போது ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு வேறு வடிவம். நம் ஊர்ப் பெயரிலேயே அப்படி இரண்டு எழுத்துகள்! ஆனால் அது ஒரே மாதிரியான தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். எந்த எழுத்தை எதுவாகப் படிக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஐந்தாறு வரியில் ஒரு சிறு நிரல் எழுதினால் பக்கம் பக்கமாகத் தானே திருத்திவிடும். பழைய லேப்டாப்பில் ஒரு பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இரவு ஓடவிட்டுத் தூங்கப் போனால் காலையில் ஒரு அத்தியாயம் தயாராக இருக்கும்.

எல்லாருக்கும் இது சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைக்காரரிடம் லினக்ஸ் பற்றிப் பேசிப் பார்த்திருக்கிறேன். அவர் பிழைப்பு பேஜ்மேக்கரிலும், யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களிலும், பல வருடங்களாகச் சேர்த்துவைத்த கோப்புகளிலும் இருக்கிறது. ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் 2017-இல் வந்த 1.5.3 பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. முகூர்த்த சீசனில் அதைக் கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. ஆடி மாதம் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன்.

மற்றவர்களுக்கோ இப்போது ஒரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். இதனால் உலகெங்கும் சுமார் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-இலேயே கணித்தது. ஏற்கெனவே 2022-இல் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். நல்ல விசைப்பலகையும் நல்ல திரையும் உள்ள லேப்டாப்பை எடைக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

கற்றுக்கொள்ள ஆள் தேடி அலைய வேண்டாம். சென்னையில் ஐ.எல்.யு.ஜி.சி. என்ற லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. காஞ்சிபுரத்திலும், நம் ஊரிலிருந்து ரயிலேறினால் வந்துவிடும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழில் அடிப்படையிலிருந்து எல்லாமே தமிழில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக 2025–26 தமிழக பட்ஜெட் அறிவித்தது. அவற்றுக்கும் வயதாகும். அதற்குள் ஒவ்வொரு கல்லூரியிலும் நான்கு பேருக்காவது இந்த வேலை கைவந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பீரோ மேலிருந்து லேப்டாப்பை இறக்குகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். உடனே ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டால் ஹார்ட்டிஸ்க்கைத் தொடாமல் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். பிளஸ் டூ கடைசி நாள் படங்கள், அப்போது செய்த பிராஜெக்ட், வீட்டுப் பெரியவர் பேசிய வீடியோ என்று ஏதாவது இருக்கும். முதலில் அவற்றை நகலெடுத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் திருகுகளைக் கழற்றுங்கள்.