விழுந்தால் மறைக்காதீர்கள்!
சைக்கிளில் வேலைக்குப் போகும் எங்கள் ஆட்களுக்கு ஒரு தொழிலாளி எழுதுவது

காலை 6 மணிக்கு வேலை தொடங்கும் தொழிற்சாலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர எங்கள் ஊரில் பஸ் இல்லை. முதல் பஸ் வரும்போது அங்கே மெசின் ஓடத் தொடங்கிவிடும். கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுக்கக் கையில் காசுமில்லை, வாயில் டொச்சுமில்லை. ஆகவே பழைய சாமான் சந்தையில் 40 யூரோவுக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். ஜேர்மனிக்குப் புதிதாக வந்து வேலை கிடைத்த எங்கள் ஆட்கள் பலரின் கதையும் இதுதான். விடிய நாலரைக்குத் துப்புரவு வேலைக்குப் புறப்படும் அக்காமாரையும் நான் தினமும் றோட்டில் காண்கிறேன்.

சைக்கிள் ஓட எங்களுக்கு ஆர் சொல்லித்தர வேணும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2008 மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வயதில் நான் தர்மபுரத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்தேன். அதோடு படிப்பு முடிந்தது. ஆனால் சைக்கிள் ஓட்டம் மட்டும் நன்றாக வந்தது. கரியலில் அரிசி மூட்டை, பாரில் தம்பி, இரண்டு பக்கமும் வாளியும் சட்டியும் தொங்க, முழங்கால் அளவு பள்ளம் விழுந்த றோட்டில் ஓடியவன் நான். இந்த வழுவழுப்பான றோட்டில் எனக்கு என்ன வந்துவிடப் போகிறது?

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது கிழமையே வந்தது.

நான் விழுந்த கதை

கார்த்திகை மாதம். ஐந்தரை மணிக்கும் கும்மிருட்டு. மழை தூறி, உதிர்ந்த இலைகள் றோட்டில் ஒட்டிக் கிடந்தன. முன் லைற்றின் பற்றறி முதல்நாளே செத்துவிட்டது. சம்பளம் வரட்டும் என்று விட்டிருந்தேன். நேரே போய்க்கொண்டிருக்கையில் வலப்பக்கச் சிறு தெருவிலிருந்து ஒரு கார் வந்தது. நான் பெரிய தெருவில் போகிறேன், அவன் நிற்பான் என்று நினைத்தேன். அவன் நிற்கவில்லை. நான் முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தேன். ஈர இலையில் ரயர் வழுக்கியது. இடது கையை ஊன்றி விழுந்தேன். கார் போய்விட்டது. பேக்கரி திறக்க வந்த ஒரு பெண்தான் என்னைத் தூக்கிவிட்டு, ஏதோ கேட்டார். "குட், குட்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று எட்டு மணித்தியாலமும் ஒரு கையால் வேலை செய்தேன். இன்னும் பரீட்சார்த்தக் காலம் முடியவில்லை. விழுந்தேன் என்று சொன்னால் வேலை போய்விடும், பொலிஸ் வந்தால் லைற் இல்லாததைக் கேட்கும், என் அகதி வழக்குக்கும் அது கேடாகும் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பயம். பின்னேரம் கை வீங்கிவிட்டது. மனைவி அழுது டொக்டரிடம் கூட்டிப்போனாள். எங்கே விழுந்தாய் என்று டொக்டர் கேட்டார். "வீட்டுப் படியில்" என்று சொன்னேன். மணிக்கட்டு எலும்பு வெடித்திருந்தது.

இரண்டு கிழமை கழித்து, என்னோடு வேலை செய்யும் ஒரு துருக்கிக்காரப் பெரியவர் பார்க்க வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "தம்பி, நீ சொன்ன பொய்யைவிட மோசமான பொய் வேறில்லை" என்றார். அன்றுதான் எனக்கு இந்த நாட்டுச் சட்டம் விளங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தை இங்கே 'வேகெ-உன்ஃபால்' என்கிறார்கள். தொழிற்சாலைக்குள் நடந்த விபத்தைப் போலவே அதற்கும் காப்புறுதி உண்டு. அந்தக் காப்புறுதிச் சங்கத்தின் பெயர் 'பெரூஃப்ஸ்கெனோசென்ஷாஃப்ற்'. அதற்குரிய பணத்தை முழுவதும் முதலாளிதான் கட்டுகிறார். எங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டுவதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் எவருக்கும் இது உண்டு. எந்த நாட்டவர், என்ன விசா என்பது கேள்வியல்ல. கவனக்குறைவால் நாமே விழுந்தாலும் உண்டு. ஆனால் குடித்துவிட்டு ஓடி, அதனால் விழுந்தால் இல்லை.

வழி என்பது வீட்டு வெளிக்கதவுக்கு வெளியே தொடங்குகிறது. மாடிக் கட்டிடத்தின் உட்படிக்கட்டு அதற்குள் அடங்காது. பார்த்தீர்களா, காப்புறுதி இல்லாத இடத்தையே தேடிப்பிடித்து நான் பொய் சொல்லியிருக்கிறேன்!

ஆகக் குறுகிய தெருவால்தான் போக வேண்டும் என்றில்லை. வாகனம் குறைந்த, நல்ல தெருவால் சற்றுச் சுற்றிப் போகலாம். வேலைக்குப் போகிறபோது பிள்ளையைக் கிண்டர்கார்டனில் விடுவதற்காகச் சுற்றினாலும் காப்புறுதி உண்டு. ஆனால் திரும்பும் வழியில் தமிழ்க் கடைக்கென்று வேறு தெருவுக்குத் திரும்பினால், அந்தச் சுற்றில் நடப்பதற்கு இல்லை.

காப்புறுதி ஏற்றுக்கொண்டால் வைத்தியத்துக்கும் மருந்துக்கும் நாங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. முதல் 6 கிழமை முதலாளி சம்பளம் தருவார். (வேலைக்குச் சேர்ந்து 4 கிழமை ஆகாதவர்களுக்கு முதலாளி தரக் கடமையில்லை.) அதன்பின் காப்புறுதியிலிருந்து பணம் வரும். உழைக்கும் சக்தி 20 வீதமாவது குறைந்து அது 26 கிழமைக்கு மேல் நீடித்தால் மாதாந்த உதவிப்பணமும் உண்டு. உடைந்த சைக்கிளுக்கு மட்டும் தரமாட்டார்கள்.

நான் போய் உண்மையைச் சொன்னேன். முதலில் ஏன் படி என்று சொன்னாய் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. அந்தப் பேக்கரிப் பெண் சாட்சி சொன்னதால்தான் சில மாதங்களின் பின் ஏற்றுக்கொண்டார்கள். அவர் இல்லாவிட்டால் என் பேச்சை ஆர் நம்புவார்?

பரீட்சார்த்தக் காலத்தில் வேலை போகாது என்று நான் சொல்லமாட்டேன், போகவும் கூடும். ஆனால் மறைப்பதால் வேலை நிலைக்கப் போவதில்லை, கைதான் போகும்.

விழாமல் போக

நான் விழுந்து படித்தவற்றையும் எழுதுகிறேன்.

முதலாவது, லைற். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. 2013 இலிருந்து டைனமோ கட்டாயமில்லை, பற்றறி லைற் போதும். பெல்லும் இரண்டு பிறேக்கும் வேண்டும். பெடலிலும் சில்லுக் கம்பிகளிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் துண்டுகள் இருக்க வேண்டும். இருட்டில் லைற் இல்லாமல் ஓடினால் 20 யூரோ தண்டம். கறுப்பு ஜக்கற்றுக்கு மேல் ஒரு மஞ்சள் மின்னும் சட்டை போடுங்கள். ஹெல்மற் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள், தலைக்கு மாற்றுத் தலை கிடையாது.

இரண்டாவது, பக்கம். நாங்கள் இடப்பக்கம் ஓடிப் பழகியவர்கள், இங்கே வலப்பக்கம். நித்திரைத் தூக்கத்தில் பழைய பழக்கம் வந்துவிடும். சைக்கிள் பாதையிலும் எதிர்ப்பக்கமாக ஓடாதீர்கள். தெருவுக்குள் திரும்பும் கார்க்காரன் அந்தப் பக்கம் பார்க்கமாட்டான். பலகையும் சிக்னலும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்தால் வருபவருக்கே முதலிடம், தெரு சிறிதோ பெரிதோ அது வேறு விஷயம். என்னை விழுத்தியது இதைத் தெரியாததுதான். நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் போட்ட பலகை கண்டால் அந்தப் பாதையால்தான் போக வேண்டும்.

மூன்றாவது, லொறி. இதுதான் உயிரைக் கொண்டுபோவது. சந்தியில் லொறிக்கு வலப்பக்கத்தில் போய் நிற்காதீர்கள். பச்சை விழுந்ததும் அது வலப்பக்கம் திரும்பினால், நீங்கள் நிற்பது சாரதிக்குத் தெரியாது. 2020 இலிருந்து 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் ஊருக்குள் வலப்பக்கம் திரும்பும்போது பெரும்பாலும் நடை வேகத்தில்தான் திரும்ப வேண்டும் என்று சட்டம். சட்டத்தை நம்பி நிற்காதீர்கள், பின்னுக்கு நில்லுங்கள். அவசரப்பட்டுச் சிவப்பில் பாய்ந்தாலோ குறைந்தது 60 யூரோவும் ஒரு புள்ளியும்.

நான்காவது, றோட்டு. நிறுத்திய கார்களுக்கு ஒரு மீற்றராவது தள்ளி ஓடுங்கள், கதவு எந்நேரமும் திறக்கும். உங்களை முந்தும் கார் ஊருக்குள் 1.5 மீற்றர் இடைவெளி விட வேண்டும். ஆகவே ஓரத்தில் ஒடுங்க வேண்டியதில்லை. டோட்மூண்ட், எசன் போன்ற இடங்களில் ட்ராம் தண்டவாளத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும், சரிவாகக் கடந்தால் சில்லு பிடிபட்டுவிடும். பனிக்காலத்தில் பாலங்களில்தான் முதலில் ஐஸ் பிடிக்கும். அங்கே பிறேக் பிடிக்காமல் மெதுவாகப் போங்கள். கண்ணாடி போல உறைந்த நாளில் இறங்கி உருட்டுங்கள். பிந்தினால் பிந்தட்டும்.

கைப்பையைக் கைபிடியில் தொங்கவிடாதீர்கள். சால்வை நுனியைச் சில்லுக்கு எட்டவிடாதீர்கள். ஓடும்போது போனைக் கையில் எடுத்தால் 55 யூரோ. இரவு வேலை முடிந்து கண் சொருகினால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்படுங்கள். புது வேலை என்றால், முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் அந்த வழியை ஒருமுறை ஓடிப் பாருங்கள்.

விழுந்துவிட்டால்

பலத்த காயமென்றால் 112, பொலிசுக்கு 110. கார் இடித்திருந்தால் அதன் இலக்கத்தை எழுதுங்கள். உதவிக்கு வந்தவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். விளங்காத கடதாசி எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

பிறகு 'டுர்ஹ்காங்ஸ்ஆர்ட்ஸ்ற்' எனப்படும் விபத்து டொக்டரிடம் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் அநேகமாக இருப்பார். அன்றே முதலாளிக்கும் சொல்லுங்கள். வாடகை ஆளாக வேலை செய்பவர்கள் தங்களை அனுப்பிய கொம்பனிக்கும் வேலைத்தலத்துக்கும் இரண்டு இடமும் சொல்ல வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால் முதலாளி காப்புறுதிக்கு அறிவித்தே ஆக வேண்டும். அந்த அறிவித்தலின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

டொச் வராதவர்கள் இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்குங்கள். வெட்டிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி, மனைவி பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்:

"இஹ் ஹாற்ற ஐனன் உன்ஃபால் ஔஃப் டெம் வேக் சுவர் ஆர்பைற்."

வேலைக்குப் போகும் வழியில் எனக்கு விபத்து நடந்தது என்பது இதன் அர்த்தம். நான் அன்று டொக்டரிடம் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். என் இடது மணிக்கட்டு இன்றைக்கும் குளிருக்குக் குத்தும். குத்தும் ஒவ்வொரு காலையும் புறப்படுமுன் லைற்றைப் போட்டுப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.