பழைய போர்டை எடைக்குப் போடும் முன்

பாப்பிரெட்டிப்பட்டியில் டிவி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பழைய இரும்பு வாங்குகிற தம்பிகள் பச்சை போர்டுகளை நீட்டி, "அண்ணே, இதுல தங்கம் இருக்காமே?" என்பார்கள். நான் முதலில் தேடுவது சிப்பின் முதுகில் உள்ள நான்கு இலக்கங்களை. 8723 என்றிருந்தால் பெரும்பாலும் 1987ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பெரிய சிப்பில் 8088 என்றால் எக்ஸ்டி வகைக் கம்ப்யூட்டர், 80286 என்றால் அடுத்து வந்த ஏடி.

6502 சிப்பும் ஏகார்ன் என்ற பெயரும் சேர்ந்து தென்பட்டால் உடைக்கவே விடமாட்டேன். 1984இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவாக அது இருக்கலாம். அன்றைய மாணவர்கள் பலர் முதன்முதலாகத் தொட்ட கணினி அது. அதை உருக்க எனக்கு மனம் வராது.

பழைய கம்ப்யூட்டருக்கு எடுத்தவுடன் கரண்ட் கொடுக்கக் கூடாது. பவர் சப்ளையில் உள்ள பழைய கன்டென்சர் வெடித்துப் புகையலாம். 286, 386 போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, செம்புத் தடங்களைப் பச்சை பூக்க அரித்திருக்கும். பேட்டரியை வெட்டியெடுத்து, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி உலரவிடுவேன்.

தங்கம் இருப்பது உண்மைதான், மெல்லிய முலாமாக. அதற்காக ஆசிட் ஊற்றுவதும் எரிப்பதும் ஈயத்தையும் நச்சுப் புகையையும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் விடுவதுதான். தேறாத போர்டை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் சேர்த்துவிடுங்கள். தேறியதைப் போட்டோ எடுத்து, சிப் எண்களைக் குறித்து, ஆன்டிஸ்டேட்டிக் கவரில் வைத்துவிடுகிறேன். படிக்கிற பிள்ளைகள் கேட்டு வந்தால் காசு வாங்காமல் கொடுப்பேன்.