வாடகை ரசீது யார் பேரில்?

இன்டர்நெட்டில் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. ஆண்டு வாடகைதான். கவனம் தப்பினால் கடையின் பெயர் கைமாறிவிடும்.

கல்கத்தா 2001 ஜனவரி 1 அன்று கொல்கத்தா ஆனது. ஆனால் இன்டர்நெட்டில் இரண்டு பெயர்களும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன. போலீசின் முகவரியில் இருப்பது கொல்கத்தா. உயர் நீதிமன்றத்தின் முகவரியில் இன்றும் கல்கத்தா. பல்கலைக்கழகம் 'கால்யூனிவ்', நிர்வாகவியல் கல்விக்கூடம் 'ஐஐஎம்கால்' என்று பழைய பெயரின் முதல் மூன்று எழுத்துகளோடு காலம் தள்ளுகின்றன.

இவை அரசுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் தனியாக ஒதுக்கப்பட்ட முகவரிகள். வெளியார் யாரும் வாங்க முடியாது. பாராபஜார் ஜவுளி வியாபாரிக்கும் கல்லூரித் தெரு புத்தகக் கடைக்காரருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. முதலில் வருபவருக்கே பெயர்.

வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட நகரங்களில் கல்கத்தாவும் ஒன்று. ஆனால் இந்தியாவுக்கே உரிய 'டாட் இன்' பெயர்கள் நெடுநாள் எளிதில் கிடைக்கவில்லை. 1992 முதல் 2004 வரை பதிவானவை சுமார் 7,000 மட்டுமே. 2005-இல் விதிகள் தளர்த்தப்பட்டு, பொறுப்பு 'நிக்சி' என்ற அமைப்பிடம் வந்த பிறகுதான் கதவு அகலத் திறந்தது. இன்று வீட்டிலிருந்தபடியே சில நிமிடங்களில் ஒரு பெயரைப் பதிவு செய்துவிடலாம்.

ஏற்பாடு மூன்று அடுக்கு கொண்டது. உச்சியில் 1998-இல் உருவான 'ஐகேன்' என்ற அமெரிக்க அமைப்பு. அடுத்து, ஒவ்வொரு வால்பெயருக்கும் ஒரு பேரேடு: 'டாட் காம்' வெரிசைன் நிறுவனத்திடம், 'டாட் இன்' நிக்சியிடம். மூன்றாவதாக, மக்களிடம் பணம் வாங்கிப் பெயரைப் பேரேட்டில் ஏற்றும் பதிவு நிறுவனங்கள். ஒரு தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். எத்தனை கோடி கொடுத்தாலும் நிரந்தரமாக எழுதி வாங்க வழியில்லை.

கொல்கத்தாக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 'செலாமி' கொடுத்துத் தலைமுறைகளாக வாடகைக் கடையில் வியாபாரம் நடத்திய ஊர் அது. அங்கே கடைசியில் எழும் கேள்வி, ரசீது யார் பேரில் என்பதுதான். டொமைன் பெயருக்கும் அதே கேள்வி. பல சிறு வியாபாரிகள் வெப்சைட் செய்து தருபவரிடமே பெயரை வாங்கும் பொறுப்பையும் விட்டுவிடுகிறார்கள். அவர் தன் பெயர், தன் ஈமெயில் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால், பேரேட்டின் கணக்கில் கடைக்காரர் வெறும் வழிப்போக்கர். பணம் கட்டியது யார் என்று பேரேடு பார்ப்பதில்லை.

பிறகு அவர் ஊர் மாறுவார், அல்லது மனஸ்தாபம் வரும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் அவருக்கே போகும். 'டாட் காம்' பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் மீட்கலாம். அடுத்த 30 நாள் அபராதத்தோடு. அதன்பின் 5 நாள் காத்திருப்பு. பிறகு பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். வெப்சைட் மட்டுமல்ல, அந்தப் பெயரில் ஓடிய ஈமெயில்களும் போய்விடும். பில்லிலும் பையிலும் அச்சடித்த முகவரி வேறொருவரின் வாசலைக் காட்டும்.

மறதி சிறியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட் தன் 'பாஸ்போர்ட் டாட் காம்' பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள். கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டி நிலைமையைச் சமாளித்தார்.

எல்லோருக்கும் அப்படி ஒரு புண்ணியவான் கிடைப்பதில்லை. கிடைப்பது பெரும்பாலும் கோர்ட்தான். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, 'சிஃபி' என்று தொடங்கும் பெயர்களை 1999-இல் பதிவு செய்திருந்தது. ஓர் 'எஃப்' கூடுதலாகச் சேர்த்து இன்னொரு நிறுவனம் 2001-இல் பதிவு செய்தது. கீழ்க்கோர்ட்டில் கிடைத்த தடை கர்நாடக உயர் நீதிமன்றத்தில் போனது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது. தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், வணிகப் பெயருக்குள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். 'டாட் இன்' தகராறுகளுக்கு நிக்சியின் நடுவர் ஏற்பாடும் இருக்கிறது. இரண்டிலுமே நேரமும் பணமும் செலவாகும்.

வருமுன் காப்பது மலிவு. பதிவு கடைக்காரரின் பெயரில் இருக்க வேண்டும். தொடர்புக்குக் கொடுக்கும் ஈமெயில், அதே டொமைனில் இயங்குவதாக இருக்கக் கூடாது. பெயர் போனால் அதை மீட்கும் கடிதமும் வராது. தானாகப் புதுப்பிக்கும் வசதியும், வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் பூட்டும் எப்போதும் போடப்பட்டிருக்க வேண்டும். காலாவதித் தேதியை எவரும் இன்டர்நெட்டில் பார்த்துவிடலாம். ஆனால் யார் பேரில் என்ற விவரம் 2018-க்குப் பிறகு பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. எனவே பதிவு நிறுவனத்தின் கணக்கைத் திறந்து பார்ப்பதே வழி. அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் கடைக்காரரிடம் இல்லையென்றால், அதுவே முதல் எச்சரிக்கை.

இப்போது வங்காள எழுத்திலேயே 'பாரத்' என்றும், தமிழில் 'இந்தியா' என்றும் முடியும் முகவரிகள் வாங்கலாம். எழுத்து எதுவானாலும் விதி ஒன்றுதான். முந்நூறு ஆண்டு கண்ட நகரத்தின் பெயரானாலும், இன்டர்நெட்டில் ஒரு தவணைக்கு ஆயுள் 10 ஆண்டுதான்.